வேலை செய்பவர்களே முதலாளியானால் முடிவை யார் எடுப்பது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பதினாறு பேர் வேலை பார்க்கும் ஓர் உதிரிபாகப் பட்டறை. முதலாளிக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் யாரும் தொழிலுக்கு வரவில்லை, "நீங்களே எடுத்து நடத்துங்கள், பணத்தைத் தவணையில் கொடுத்தால் போதும்" என்கிறார். பதினாறு பேருக்கும் ஆசை இருக்கிறது, பயமும் இருக்கிறது. எல்லாரும் முதலாளி என்றால் யார் சொல்வதை யார் கேட்பது, எதற்கெடுத்தாலும் கூட்டம் போட்டால் வேலை எப்போது நடக்கும், கையில் காசில்லாதவர்கள் எப்படிப் பங்கு போடுவது, இப்படி உலகத்தில் எங்காவது உருப்படியாக நடந்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நடந்திருக்கிறது, பல இடங்களில், பல பத்தாண்டுகளாக. நான் ஒரு தொழிலாளர் கூட்டுறவு அச்சகத்தில் பதினோரு வருடம் உறுப்பினராக இருந்தவன், அதில் ஆறு வருடம் கணக்கு என் கையில் இருந்தது. அதை வைத்தும், மற்ற நாடுகளில் இது எப்படி ஓடியது, எங்கே விழுந்தது என்று படித்ததை வைத்தும் சொல்கிறேன். கூட்டமும் வாக்குவாதமும் தலைவலிதான், ஆனால் சமாளிக்கக்கூடிய தலைவலி. பல கூட்டுறவுகள் விழுந்தது வேறு இரண்டு இடங்களில். போட்ட பணமும் சேர்ந்த பணமும் யார் பெயரில் இருக்கிறது என்பது ஒன்று. நமக்குப் பிறகு வேலைக்கு வருபவரை என்னவாக வைத்துக்கொள்கிறோம் என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் முதல் நாளே ஒழுங்காக எழுதி வைத்துவிட்டால் மீதியைப் போகப் போகக் கற்றுக்கொள்ளலாம்.

கூட்டுறவு என்றதும் பலருக்குக் கடன் சங்கமோ பண்டகசாலையோதான் நினைவுக்கு வரும். அங்கே உறுப்பினர் என்றால் கடன் வாங்குபவர், பொருள் வாங்குபவர். 1844-ல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் 28 பேர் தொடங்கிய கடை அந்த வகை. ஆளுக்கு ஒரு ஓட்டு என்ற விதியை உலகம் முழுக்கப் பரப்பியது அந்தக் கடைதான், அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் கல்லாவில் நிற்கும் ஊழியருக்கு அங்கே ஊழியர் என்ற முறையில் ஓட்டு இல்லை. நீங்கள் கேட்பது தொழிலாளர் கூட்டுறவைப் பற்றி: அங்கே வேலை செய்பவர்தான் உறுப்பினர், உறுப்பினர்தான் உரிமையாளர், எவ்வளவு பணம் போட்டிருந்தாலும் ஓட்டு ஒன்றுதான்.

அதே ராச்டேலில் பத்து வருடம் கழித்து நடந்த ஒன்றை நான் யாரைப் பார்த்தாலும் சொல்வேன். 1854-ல் அந்த ஊர்க் கூட்டுறவாளர்கள் ஒரு பஞ்சாலைச் சங்கம் தொடங்கினார்கள். லாபத்தில் பங்கு போட்டவருக்கு ஒரு பாகம், ஆலையில் வேலை செய்பவருக்கு ஒரு பாகம் என்று வைத்தார்கள். ஆலையை விரிவாக்கப் பணம் தேவைப்பட்டது, பங்கு விற்றார்கள், நல்ல வருமானம் வருகிறதே என்று வெளியாட்கள் வந்து வாங்கினார்கள். கொஞ்ச காலத்தில் பங்கு வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் அந்த ஆலையில் வேலையே பார்க்காதவர்கள். 1862-ல் அவர்கள் ஓட்டுப் போட்டு, வேலையாட்களுக்கான பாகத்தை நிறுத்திவிட்டார்கள். யாரும் ஏமாற்றவில்லை, விதிப்படிதான் நடந்தது. ஓட்டை வேலையிலிருந்து பிரித்துப் பணத்தின் மேல் வைத்தார்கள், பணம் போன பக்கம் ஓட்டும் போய்விட்டது.

இதையொட்டி இரண்டு பக்கத்து வீடுகளையும் காட்டிவிடுகிறேன், ஏனென்றால் ஆலோசகர்கள் யாராவது வந்து இவற்றையே "தொழிலாளர் உரிமை" என்று உங்களிடம் சொல்லக்கூடும். ஜெர்மனியில் 1976-ல் வந்த சட்டப்படி 2,000 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களில், நிர்வாகத்தைக் கண்காணிக்கும் மேற்பார்வைக் குழுவின் பாதி இடங்கள் ஊழியர்களுக்கு. நல்ல சட்டம்தான். ஆனால் ஓட்டு சரிபாதியாகப் பிரிந்தால் தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டு, அந்தத் தலைவர் பங்குதாரர் பக்கத்து ஆள். அங்கே குரல் உண்டு, உடைமை இல்லை. அமெரிக்காவில் இதற்கு நேர் எதிர்: ஊழியர் பங்குத் திட்டம் என்ற பெயரில் பங்கு ஒரு அறக்கட்டளையின் கையில் இருக்கும், ஊழியரின் ஓய்வுக்கால சேமிப்பாகச் சேரும். யுனைடெட் ஏர்லைன்ஸ் ஊழியர்கள் 1994-ல் சம்பளத்தை விட்டுக்கொடுத்து நிறுவனத்தின் 55 சதவீதத்தை வாங்கினார்கள். வேலைத்தளத்தில் யார் யாருக்கு உத்தரவிடுவது என்பது பழையபடியே இருந்தது. 2002 டிசம்பரில் நிறுவனம் திவாலானபோது அந்தப் பங்குகளின் மதிப்பும் போனது. உடைமை இருந்து குரல் இல்லையென்றால் நஷ்டத்தில் மட்டும் நாம் முழுப் பங்குதாரர் ஆகிவிடுகிறோம்.

சரி, யார் முடிவெடுப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். நன்றாக நடக்கும் தொழிலாளர் கூட்டுறவு எதிலும் எல்லாவற்றுக்கும் ஓட்டு எடுப்பதில்லை. உறுப்பினர் எல்லாரும் சேர்ந்த பொதுக்குழு வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை கூடும். அது நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கும், வரவு செலவை ஏற்கும் அல்லது மறுக்கும், செலவு போக மிஞ்சும் உபரியை என்ன செய்வது என்று முடிவு செய்யும். நிர்வாகக் குழு மேலாளரை நியமிக்கும். மேலாளர் நாளாந்த வேலையைப் பார்ப்பார், அவர் "இன்று இந்த ஆர்டர்தான் முதலில்" என்று சொன்னால் இன்று அந்த ஆர்டர்தான் முதலில். அந்த முடிவு தவறு என்று நினைத்தால் மெஷினை நிறுத்திவிட்டு வாதம் செய்யக் கூடாது, முடித்துவிட்டுக் கூட்டத்தில் கேட்கலாம், ஆதாரம் இருந்தால் அவரை மாற்றவும் செய்யலாம். எங்கள் அச்சகத்தில் இந்த எல்லை பிடிபட இரண்டு வருடம் ஆனது. அதற்கு முன் காகிதம் எந்த டீலரிடம் வாங்குவது என்பதற்கெல்லாம் பத்தொன்பது பேரும் உட்கார்ந்து இரவு ஒன்பது மணிவரை பேசியிருக்கிறோம். அப்புறம் ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டு எழுதி ஒட்டினோம்: இது மேலாளர் தனியாக முடிவெடுக்கலாம், இது நிர்வாகக் குழு, இது எல்லாரும். கடனும், ஆளைச் சேர்ப்பதும் நீக்குவதும், ஒரு மாத வருமானத்துக்கு மேலான எந்தச் செலவும் மூன்றாவது கட்டத்தில். அந்தத் தாள் எங்களைக் காப்பாற்றியது, நீங்களும் முதல் வாரத்திலேயே அப்படி ஒன்று எழுதிவிடுங்கள்.

பெரிய அளவில் இது நடக்குமா என்றால், ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் மோன்ட்ரகோன் என்ற ஊரில் தொடங்கி, அதே பெயரில் வளர்ந்த கூட்டுறவுத் தொகுப்பைப் பார்க்க வேண்டும். உள்நாட்டுப் போர் முடிந்து ஊர் நொடிந்து கிடந்த 1941-ல் ஹோசே மரியா அரிஸ்மெந்தியாரியெத்தா என்ற இளம் பாதிரியார் அங்கே வந்தார். 1943-ல் ஒரு தொழிற்பள்ளி தொடங்கினார். அதில் படித்த ஐந்து பேர் 1956-ல் உல்கோர் என்று ஒரு சிறிய தொழிற்சாலை தொடங்கினார்கள், பெயரே அந்த ஐவரின் பெயர்களிலிருந்து எழுத்தெடுத்துக் கோத்ததுதான். 1959-ல் தங்களுக்கென்று ஒரு சேமிப்பு வங்கி. நீங்கள் உரிமையாளர்கள், தொழிலாளர்கள் இல்லை என்று அரசு அவர்களைச் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கு வெளியே நிறுத்தியபோது தங்களுக்குள்ளேயே ஒரு காப்பீட்டு அமைப்பையும் கட்டிக்கொண்டார்கள். இன்று ஏறத்தாழ 80 கூட்டுறவுகள், 70,000 பேர் அளவுக்கு வேலை. தொடக்கத்தில் மிகக் குறைந்த சம்பளத்துக்கும் மிக அதிகச் சம்பளத்துக்கும் ஒன்றுக்கு மூன்று என்ற விகிதம் வைத்தார்கள். காலப்போக்கில் அது கூடி, மிகப் பெரிய பொறுப்புகளில் ஏறத்தாழ ஒன்றுக்கு ஆறு வரை போயிருக்கிறது. கூடியது எனக்கு வருத்தம்தான், ஆனாலும் அந்த விகிதத்தை உறுப்பினர்கள்தான் பேசி ஓட்டுப்போட்டுத் தீர்மானிக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது.

அங்கே இன்னொன்று உண்டு, நான் அதைப் பெரிதாக மதிக்கிறேன். நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் அதே உறுப்பினர்கள், பகுதி வாரியாக வேறொரு குழுவையும் தேர்ந்தெடுக்கிறார்கள், சமூகக் குழு என்று பெயர். முதல் குழு நிறுவனத்தைப் பார்க்கும். இரண்டாவது குழு, அந்த நிறுவனத்தில் வேலை செய்வது எப்படி இருக்கிறது என்பதைப் பார்க்கும்: வேலை நேரம், பாதுகாப்பு, சம்பளப் படிநிலை. ஒரே மனிதருக்குள் உரிமையாளர் ஒருவர், தொழிலாளி ஒருவர் என்று இரண்டு பேர் இருக்கிறார்கள், இருவருக்கும் தனித்தனி வாய் வேண்டும். இவ்வளவு இருந்தும் 1974-ல் உல்கோரில் வேலைநிறுத்தம் நடந்தது. ஒவ்வொரு வேலைக்கும் மதிப்பெண் போடும் முறையை மாற்றினார்கள், தங்கள் வேலை கீழே இறங்கிவிட்டது என்று ஒரு பகுதியினர் வெளியே வந்துவிட்டார்கள். முன்நின்றவர்களை நிர்வாகம் நீக்கியது, பொதுக்குழுவும் அதை ஏற்றது, சில வருடம் கழித்துத்தான் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அமைப்பு வளர்ந்து ஆயிரக்கணக்கில் ஆளானபோது ஓட்டுரிமை மட்டும் போதவில்லை, சொன்னது மேலே போய்ச் சேருகிறதா என்று யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

இப்போது பணம். இதை மெதுவாகப் படியுங்கள்.

அமெரிக்காவின் வடமேற்கில், ஒட்டுப்பலகைத் தொழிலில், 1921-ல் ஒலிம்பியா வெனீர் என்று ஒரு தொழிலாளர் ஆலை தொடங்கினார்கள். 125 பேர், ஆளுக்கு 1,000 டாலர். நன்றாக ஓடியது, அதைப் பார்த்து அந்தப் பகுதியில் வரிசையாக மற்ற ஆலைகள் வந்தன. சந்தை படுத்தபோது இந்த ஆலைகள் பெரும்பாலும் உறுப்பினர்களை வீட்டுக்கு அனுப்பவில்லை, எல்லாரும் சேர்ந்து கூலியைக் குறைத்துக்கொண்டு வேலையைக் காப்பாற்றினார்கள். கோளாறு பங்கில் இருந்தது. உறுப்பினர் ஆக ஒரு பங்கு வாங்க வேண்டும், அந்தப் பங்கின் விலை ஆலையின் மதிப்போடு சேர்ந்து ஏறிக்கொண்டே போனது. முப்பது வருடம் உழைத்து ஓய்வு பெறுபவர் நியாயமாக அந்த விலையை எதிர்பார்ப்பார். வேலைக்கு வரும் இளைஞரால் அவ்வளவு பெரிய தொகையைக் கொடுக்க முடியாது. அப்புறம் என்ன, இளைஞர் கூலிக்கு வருவார், உறுப்பினர் ஆக மாட்டார். ஒலிம்பியாவில் உறுப்பினர்கள் குறைந்துகொண்டே வர, கூலியாட்கள் பெருகி, 1954-ல் ஒரு பெரிய ஒட்டுப்பலகை நிறுவனத்துக்கு விற்றார்கள். ஆலை நன்றாக நடந்ததே அதற்கு விலை வந்ததற்குக் காரணம்.

மோன்ட்ரகோன் இதை வேறு மாதிரி கட்டியது. உள்ளே வருபவர் ஒரு நுழைவுத் தொகை போடுகிறார், அது ஏறத்தாழ கடைசிப் படிநிலையின் ஒரு வருடச் சம்பளம் அளவுக்கு இருக்கும், சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு மூலதனக் கணக்கு. வருட உபரியில் ஒரு பகுதி யாரும் பிரிக்க முடியாத பொது இருப்புக்குப் போகும், 10 சதவீதம் கல்விக்கும் பொதுக் காரியத்துக்கும் போகும், மீதி அவரவர் கணக்கில் வரவு வைக்கப்படும். ஆனால் கையில் கொடுக்க மாட்டார்கள், வட்டி மட்டும் கிடைக்கும், விலகும்போதோ ஓய்வின்போதோதான் முழுத்தொகை. அதனால் பணம் நிறுவனத்துக்குள்ளேயே வேலை செய்கிறது, அது யாருடைய உழைப்பு என்ற பதிவும் இருக்கிறது, அதே நேரத்தில் உறுப்பினர் இடத்துக்குச் சந்தை விலை என்று ஒன்று இல்லை. நஷ்டம் வந்தால் அந்தக் கணக்கிலிருந்து கழிக்கவும் செய்வார்கள், அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இது ஏன் முக்கியம் என்பதை நான் புத்தகத்தில் படித்துப் புரிந்துகொள்ளவில்லை. எங்கள் அச்சகத்தில் ஒருமுறை நல்ல உபரி வந்தது. பழைய மெஷினை மாற்றி நான்கு வண்ண மெஷின் ஒன்று வாங்கலாம் என்று இளையவர்கள் சொன்னார்கள். பத்தொன்பது பேரில் ஆறு பேர் மூன்று வருடத்துக்குள் ஓய்வு பெறப் போகிறவர்கள். எல்லாரையும்விட மூத்த மெஷின்மேன் எழுந்தார், அதிகம் பேசாத மனிதர். "இந்த லாபத்தில் என் உழைப்பும் இருக்கு. அதை எடுத்து மெஷினில் போடுறீங்க. அந்த மெஷின் சம்பாதிக்க ஆரம்பிக்கும்போது நான் வீட்டில் இருப்பேன். எனக்கு என்ன பதில்?" என்றார். அறையில் ஒருவரிடமும் பதில் இல்லை, கணக்குப் புத்தகத்தை மடியில் வைத்திருந்த என்னிடமும் இல்லை, ஏனென்றால் எங்கள் விதியில் இருப்பாக வைப்பது எல்லாம் பொதுவில் கரைந்துவிடும், யார் பெயரும் அதில் இருக்காது. ஓட்டு எடுத்தோம், மெஷின் தோற்றது, உபரியைப் பிரித்துக்கொண்டோம். அவர் சுயநலக்காரர் என்று வெளியே பேசினார்கள், எனக்கு அதில் இன்றுவரை உடன்பாடு இல்லை. கேள்வி நியாயமானது, விதிதான் குறையாக இருந்தது. அடுத்த வருடம் விதியைத் திருத்தி, ஒதுக்கும் பணத்தில் பாதியை ஆளுக்கு ஆள் கணக்கில் எழுதி, விலகிய பிறகு ஐந்து தவணையில் கொடுப்பது என்று வைத்தோம். அதற்கடுத்த வருடம் மெஷின் வந்தது. அதற்கு முதல் ஆளாகக் கை தூக்கியவர் அந்த மூத்தவர்தான்.

முழுவதையும் ஆள் பெயரில் எழுதிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். இத்தாலியில் கூட்டுறவுகளுக்குப் பிரிக்க முடியாத இருப்பு என்று ஒன்று இருக்கிறது, நிறுவனத்தையே கலைத்தாலும் உறுப்பினர்கள் அதைப் பங்கு போட்டுக்கொள்ள முடியாது, கூட்டுறவு வளர்ச்சி நிதிக்குத்தான் போகும். 1992 சட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு கூட்டுறவும் வருட லாபத்தில் 3 சதவீதத்தையும் அந்த மாதிரி நிதிக்குக் கொடுக்க வேண்டும். கலைத்தாலும் கைக்குக் காசு வராது என்றால் கலைக்கும் ஆசையும் வராது. ஈமோலா ஊரில் 1919-ல் ஒன்பது பேர் தொடங்கிய சாக்மி இன்று செராமிக் ஓடு தயாரிக்கும் இயந்திரங்களில் உலகப் பெயர், இன்னும் கூட்டுறவுதான். ஒரு பகுதி தனிக் கணக்கு, ஒரு பகுதி யாரும் தொடாத இருப்பு, இரண்டும் வேண்டும்.

இரண்டாவது ஆபத்து, புதியவர். இது சத்தமில்லாமல் நடக்கும். ஆர்டர் அதிகமாக வருகிறது, "ஆறு மாதத்துக்கு மட்டும்" என்று இரண்டு பேரைச் சேர்ப்பீர்கள். ஆறு மாதம் முடியும், வேலை நன்றாகத்தான் செய்கிறார்கள், ஆனால் உறுப்பினர் ஆக்கினால் உபரியில் பங்கு கொடுக்க வேண்டும், இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள். யாரும் மறுக்க மாட்டார்கள், மறுக்க வேண்டியவருக்கு அந்தக் கூட்டத்தில் நாற்காலி இல்லை. எங்கள் பைண்டிங் பிரிவில் ஒரு பையன் மூன்று வருடம் அப்படி "தற்காலிகமாக" இருந்தான். பொதுக்குழு நடக்கும் நாளில் எங்களுக்குத் தேநீர் வாங்கி வந்து வைத்துவிட்டு வெளியே போய் உட்காருவான். அவன் கதவைச் சாத்திவிட்டுப் போனது இன்னும் எனக்குக் கண்ணில் நிற்கிறது, அந்தக் கூட்டத்தில் நாங்கள் சமத்துவம் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். அவன் வேறு இடத்துக்குப் போன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

மோன்ட்ரகோனுக்கும் இதே வியாதி பெரிய அளவில் வந்தது. அதன் கூட்டுறவுகளில் ஒன்றான ஃபாகோர் வீட்டு உபயோகப் பொருள் நிறுவனம் போலந்தில் ஒரு தொழிற்சாலை வாங்கியது, 2005-ல் பிரான்சின் பிராண்ட் நிறுவனத்தை வாங்கியது. அங்கே வேலை செய்தவர்கள் உறுப்பினர்கள் அல்லர், சாதாரணக் கூலித் தொழிலாளர்கள். கடனும் வீட்டுச்சந்தை சரிவும் சேர்ந்து 2013-ல் ஃபாகோர் திவாலானது. பாஸ்க் பகுதி உறுப்பினர்களில் பெரும்பாலோரை மற்ற கூட்டுறவுகள் ஏற்றுக்கொண்டன அல்லது முன்கூட்டிய ஓய்வு கொடுத்தன, அது எந்த சாதாரண நிறுவனமும் செய்யாத பெரிய காரியம். ஆனால் பிரான்சிலும் போலந்திலும் இருந்தவர்களுக்கு அந்தப் பாய் விரிக்கப்படவில்லை. உறுப்பினர் என்ற ஒரு சொல் இருக்கிறதா இல்லையா என்பதில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள்.

ஆகவே விதியில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: தகுதிகாண் காலம் ஒரு வருடம், அது முடிந்ததும் பொதுக்குழு அவரைச் சேர்ப்பதா அனுப்புவதா என்று ஓட்டுப் போட்டே ஆக வேண்டும், நடுவில் தொங்கவிட முடியாது. உறுப்பினரல்லாதவர் மொத்தத்தில் இத்தனை பேருக்கு மேல் போகக் கூடாது என்றும் எழுதுங்கள். நுழைவுத் தொகை தடையாக இருக்கக் கூடாது. நியூயார்க் பிராங்ஸில் 1985-ல் 12 பேரோடு தொடங்கிய வீட்டுப் பராமரிப்புக் கூட்டுறவு ஒன்று இருக்கிறது, பெரும்பாலும் பெண்கள், குறைந்த வருமானம். பங்கு 1,000 டாலர், ஆனால் முதலில் 50 டாலர் கட்டினால் போதும், மீதியை வாராவாரம் சிறு தொகையாகப் பிடிப்பார்கள். இன்று அங்கே ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் வேலை செய்கிறார்கள். கையில் காசில்லாதவர்கள் எப்படி என்று கேட்டீர்களே, இப்படித்தான்.

காசே இல்லாமல் தொடங்கியவர்களும் உண்டு. கேரளத்தின் ஊராளுங்கல் சங்கத்தை 1925-ல் தொடங்கியது 14 கூலித் தொழிலாளிகள். வாக்படானந்தரின் சீர்திருத்த இயக்கத்தில் சேர்ந்ததற்காக நிலக்கிழார்கள் அவர்களுக்கு வேலை கொடுக்க மறுத்தார்கள், நாமே வேலையை எடுத்துச் செய்வோம் என்று ஆரம்பித்ததுதான், இன்று சாலைகளும் பாலங்களும் கட்டும் பெரிய அமைப்பு. அதே கேரளத்தில் கண்ணூரில் 1969-ல், பீடித் தொழிலாளர் சட்டம் அமலுக்கு வந்ததும் பெரிய பீடி முதலாளிகள் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட, வேலை இழந்தவர்களுக்காக உருவானது தினேஷ் பீடி. பல்லாயிரம் பேருக்கு அது வேலை கொடுத்தது. பிறகு பீடி குடிப்பதே குறைந்து, வேறு பொருட்களுக்கு மாற வேண்டியிருந்தது. பொருளுக்குச் சந்தை போய்விட்டால் கூட்டுறவாக இருப்பதால் மட்டும் அது திரும்பி வராது, உங்கள் உதிரிபாகத்துக்கு அடுத்த பத்து வருடம் யார் வாடிக்கையாளர் என்பதை இப்போதே யோசியுங்கள்.

உங்கள் நிலைமைக்கு மிக நெருங்கியது வேல்ஸின் டவர் சுரங்கம் என்று நினைக்கிறேன். லாபம் வராது என்று 1994-ல் அரசு நிறுவனம் அதை மூடியது. 239 தொழிலாளிகள் தங்கள் பணிநீக்க இழப்பீட்டிலிருந்து ஆளுக்கு 8,000 பவுண்டு போட்டு வாங்கி 1995 ஜனவரியில் திறந்தார்கள், 2008 வரை, நிலக்கரி தீரும்வரை, நடத்தினார்கள். இத்தாலியில் இதற்கு 1985-லேயே மார்கோரா சட்டம் என்று ஒன்று வந்தது: மூடப்போகும் நிறுவனத்தின் தொழிலாளிகள் வேலையின்மை உதவித்தொகையை மொத்தமாக முன்கூட்டியே வாங்கி, அதைப் போட்டு நிறுவனத்தை எடுக்கலாம், பொதுநிதியும் கூட வந்து நிற்கும். வெளிப்பணம் வாங்கினால் தப்பா என்றால், தப்பில்லை, அளவு வேண்டும். பிரான்சில் தொழிலாளர் கூட்டுறவில் வெளியாட்கள் முதலீடு செய்யலாம், ஆனால் மூலதனத்தில் 51 சதவீதமும் ஓட்டில் 65 சதவீதமும் குறைந்தது ஊழியர் கையில் இருந்தாக வேண்டும். ராச்டேல் பஞ்சாலையில் அப்படி ஒரு விதி இருந்திருந்தால் 1862-ல் அந்த ஓட்டெடுப்பே நடந்திருக்காது.

இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும், கணக்கு. ஓட்டு இருந்து கணக்கு புரியவில்லை என்றால், கணக்கு தெரிந்த ஓரிருவர்தான் நிஜமான முதலாளி. ஆறு வருடம் அந்த இடத்தில் நானே இருந்ததால் இதை அழுத்திச் சொல்கிறேன். முதல் வருடம் நான் வரவு செலவை வாசித்தபோது பைண்டிங் அக்கா ஒருவர் கேட்டார்: "தேய்மானம்னு போட்டிருக்கியே தம்பி, அந்தப் பணம் யார் கைக்குப் போச்சு?" யார் கைக்கும் போகவில்லை அக்கா என்றேன். அறையில் முணுமுணுப்பு, என் மேல் சந்தேகம்கூட. எல்லாரையும் கட்டிங் மெஷின் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போய், இதை எட்டு வருடத்துக்கு முன் வாங்கினோம், ஒவ்வொரு வருடமும் இதில் ஒரு பகுதி தேய்கிறது, அதைத்தான் செலவாக எழுதுகிறோம், ஆனால் யாருக்கும் காசு கொடுக்கவில்லை என்று விளக்கினேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படின்னா அந்தக் காசு நம்மகிட்டயே இருக்கணுமே. எங்கே?" என்றார். பாங்கில் இல்லை. தேடிப் பார்த்தால் எல்லாம் வாடிக்கையாளர் பாக்கியில் மாட்டிக்கொண்டிருந்தது, நாங்கள் அச்சடித்துக் கொடுத்து ஒரு வருடம் ஆகியும் வசூலிக்காத பில்கள். ஏழாம் வகுப்போடு நிறுத்திய ஒரு பெண்மணி கேட்ட கேள்வி அது, கணக்கு எழுதிய எனக்கு அதுவரை தோன்றவில்லை. அன்றிலிருந்து மாதம் ஒருநாள் வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு, ஒரு மணி நேரம் கணக்கு வாசிப்பு வைத்தோம். வேலை நேரத்தில் வைக்க வேண்டும் என்பது முக்கியம், மாலையில் வைத்தால் வீட்டில் குழந்தை இருப்பவர்கள் வர முடியாது, அவர்கள் இல்லாமலே முடிவுகள் எடுக்கப்பட்டுவிடும்.

உங்கள் பட்டறைக்கு வருகிறேன். முதலாளியிடம் சம்மதம் சொல்வதற்கு முன் கடைசி ஐந்து வருடக் கணக்கைக் கேளுங்கள், பாக்கி யாரிடம் எவ்வளவு, வங்கிக்கு எவ்வளவு, மெஷின் ஒவ்வொன்றும் இன்னும் எத்தனை வருடம் ஓடும் என்று எழுதி வாங்குங்கள். பாதி ஆர்டர் அவருடைய முகத்துக்காக வருகிறதா என்றும் பாருங்கள், அப்படியென்றால் ஒரு வருடமாவது அவர் கூட இருக்க வேண்டும், சம்பளத்துக்கு, ஓட்டு இல்லாமல். தவணையை நிலையான தொகையாக ஒத்துக்கொள்ளாமல், வருமானம் குறையும் வருடத்தில் தவணையும் குறையும்படி பேசுங்கள், நல்ல மனிதராக இருந்தால் ஒத்துக்கொள்வார். யாரும் தனிப்பட்ட முறையில் வீட்டை ஜாமீன் வைக்கக் கூடாது, ஒருவர் வைத்துவிட்டால் அடுத்த நாளிலிருந்து அவர் பேச்சுக்கு மற்றவர்கள் பேச்சைவிட எடை கூடிவிடும். சட்டப்படி பதிவு செய்வது எப்படி என்பதை ஒரு வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார், ஆனால் விதிகளை அவரை எழுத விடாதீர்கள், பதினாறு பேரும் உட்கார்ந்து எழுதிவிட்டு அவரிடம் கொடுங்கள்.

அந்தக் கணக்குத் தாள்கள் கைக்கு வந்ததும் முதலில் எல்லாருக்கும் நகல் எடுத்துக் கொடுங்கள், கூட்டிப் பெருக்குபவர் உட்பட. படித்துவிட்டு யார் என்ன கேட்கிறார்கள் என்று இங்கே எழுதுங்கள், அதிலிருந்து அடுத்ததைப் பேசலாம்.